முப்பது தாளிலும் இரண்டாவது கட்டம்

மலையில் பிறந்து, மலையிறங்கிப் படித்து, இப்போது கலசப்பாக்கத்து அத்தை வீட்டு நடவு வயலில் முழங்கால் சேற்றில் ஒளிந்துகொண்டிருக்கும் என் மகனே, கையைக் கழுவிவிட்டு வரப்பில் உட்கார்ந்து இதைப் படி. எழுதுகிறவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் உள்ள அத்தனை வளைவுகளுக்கும் சக்கரவர்த்தி. ஒன்பது பேர் உட்காருகிற ஜீப்பில் இருபத்தாறு பேரையும் நாலு ஆட்டையும் பாதியில் நிற்கிற ஒரு சம்பந்திச் சண்டையையும் ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் வேர்க்கடலையுமாக இறங்குகிறவன். என் ஹாரன் கேட்டால் மேகமே ரோட்டை விட்டு இறங்கி நிற்கும். மலை முழுக்க எனக்கு மாமா என்று பெயர். எழுபது வயதுக் கிழவியும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். உன் ஒருவனுக்கு மட்டும்தான் நான் அப்பா. அந்த ஒரு உத்தியோகத்தில்தான் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டேன்.

நேரில் வந்து சொல்லத்தான் கிளம்பினேன். உன் அம்மாதான் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ வாயத் தொறந்தா கதை வுடுவ. அவன் சிரிச்சுட்டு, சரிப்பான்னு சொல்லிட்டு, மறுபடியும் சேத்துல எறங்கிடுவான். உக்காந்து எழுது. எழுதும்போதாவது பொய் கம்மியா வருதான்னு பாப்போம்." எழுதுகிறேன். பொய் அவ்வளவாகக் குறையவில்லை, ஆனால் உண்மையும் கூடவே வருகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று பிரதி. ஒன்று உனக்கு. ஒன்று உன் துறைத் தலைவர் மேடத்துக்கு. மூன்றாவதை ஜீப்புக்குள் ஒட்டப்போகிறேன், ஏறுகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். ஊரைக் கூட்டிச் செய்த தப்பை ஊரைக் கூட்டித்தானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் நீ மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததைச் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ உன் துறைக்குப் போய், ஆய்வு முறையியல் தாளையும் அதோடு சேர்ந்த களப்பணியையும் மறுபடி எடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் உளவியல் முதுகலை உனக்கு அத்தோடு முடிந்தது. எங்களிடம் லீவு என்று சொன்னாய். அப்புறம், திருப்பத்தூரில் மச்சானோட பைக் ஷோரூமில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்றாய். அப்புறம் நடவுக்கு ஆள் இல்லை என்று அத்தை கூப்பிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாய். நாற்றுக்கட்டுக்கும் புல்லுக்கட்டுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னையா அத்தை கூப்பிட்டாள்? அப்போதே சந்தேகப்பட்டேன். உன் அறைத்தோழன் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, அவன் போனில் அழுதான்.

உன் படிப்பில் இத்தனை தாள் இருக்கிறது என்று முதன்முதலில் நீ சொன்னது என் ஜீப்பில்தான், நினைவிருக்கிறதா? முதல் வருடம் பொங்கலுக்கு வந்தாய். முன்சீட்டில் உன் பக்கத்தில் நம் ஊர்த் தலைவர், கவுண்டர். அவர் "இன்னா இன்னா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். நீ விரல் விட்டு எண்ணினாய்: ஆளுமை ஒரு தாள், மனநோய்கள் ஒரு தாள், ஆலோசனை ஒரு தாள், நெறிமுறை ஒரு தாள், ஆளுக்கு ஆள் சோதனை செய்து பார்க்கிற செய்முறை, புள்ளியியல், ஆய்வு முறையியல், அது முடிந்து களப்பணி, அது முடிந்து ஆய்வேடு. எதை விட்டாலும் பட்டம் இல்லை என்றாய். பின்னால் இருந்த இருபத்து நான்கு பேரும் உனக்காக 'உச்' கொட்டினார்கள். ஆடுகளும் கொட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். கவுண்டருக்குப் புள்ளியியல் மட்டும் இறங்கவில்லை.

"மனசப் படிக்கறதுக்குக் கணக்கு இன்னாத்துக்குடா?"

"ஒருத்தர் சொன்னா அது அவரோட கதை, பெரியப்பா. முப்பது பேரு, ஒருத்தர் பேச்ச ஒருத்தர் கேக்காம, தனித்தனியா சொன்னாத்தான் அதுல எது பொதுன்னு தெரியும். அதப் பாக்கத்தான் கணக்கு."

"தனித்தனியா சொன்னா அப்புறம் ஊரு எதுக்கு?" என்றார் கவுண்டர். ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்துகொண்டிருந்ததால், நீ சொன்னதில் முக்கியமான அந்த 'தனித்தனியா' என்ற ஒரு வார்த்தையைக் காதில் வாங்காமல் கியரை மாற்றிவிட்டேன்.

கவுண்டர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். கீழேயிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் நம் மலையில் ஊருக்கு ஒரே பதில். ஒரு தரம் ஆடு மாடு கணக்கெடுக்க ஒருத்தர் வருகிறார் என்று தகவல் வந்தது. முந்தின நாளே கவுண்டர் ஊரைக் கூட்டினார். எதற்குக் கணக்கு, எதைப் பிடுங்கப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் யார் தலையும் தனியாகத் தெரியாது. அதுதான் நம் ஆட்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு. வீட்டுக்கு மூன்று ஆடு என்று முடிவானது. மறுநாள் அந்த மனிதர் வீடு வீடாகப் போகிறார், மூணு, மூணு, மூணு. எதிர்ச்சரிவு முழுக்க வெள்ளையாக மேய்ந்துகொண்டிருக்கிறது. "என்னய்யா, மலையே நகருது, மூணுங்கறீங்க?" என்றார். கவுண்டர் அசரவே இல்லை. "அதெல்லாம் மேகம் சார். இங்க கொஞ்சம் தாழ்வா வரும்." அந்த மனிதர் எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரை இறக்கிவிட்டவன் நான்தான். வழியெல்லாம் மேகம் கத்திக்கொண்டிருந்தது.

இந்தப் பரம்பரையில் வந்தவன் உன் அப்பன். அதோடு எனக்கென்று சொந்தமாக ஒரு வியாதி உண்டு. உனக்கு ஆறு வயதிருக்கும். மூன்று நாளாக அழுதுகொண்டே இருந்தாய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா உன்னைப் பார்த்து, "எங்கப்பா வலிக்குது?" என்றார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்தேன்: வயிறுங்க, பச்சைப் பலாக்கொட்டை தின்னுட்டாங்க, அவங்க தாத்தாவுக்கும் இதே வயிறுதாங்க, என்று கால் மணி நேரம். அவரும் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம். உன் காதுக்குள் ஒரு புளியங்கொட்டை முளைவிடாத குறையாக உட்கார்ந்திருந்ததை நாலாம் நாள் உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "அப்பா சொல்லிச்சே" என்றாய். அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். மாறாக, இதை இத்தனை வருடமும் ஒரு நல்ல கதை என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் களப்பணிக்கு வந்தாய். மூன்று ஊர், முப்பது பேர். கேள்வித்தாளைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இத யாருக்கும் காட்டக் கூடாது" என்று நீ சொன்ன அந்த நிமிடமே, அதில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. நீ குளிக்கப் போனாய். நான் பையைத் திறந்து போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஆமாம், நான்தான். 'எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.' 'யாரோடும் பேசப் பிடிக்காமல் இருக்கிறது.' 'காரணம் இல்லாமல் அழுகை வருகிறது.' இப்படி இருபது. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.

எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான்: கேள்வி இருந்தால் அதற்குச் சரியான பதில் என்று ஒன்று இருக்கும், தப்பாகச் சொன்னால் பெயில். முப்பது பேர் கண்டபடி உளறிவைத்து என் மகனைப் பெயிலாக்கிவிடுவார்களே என்று பயந்துபோனேன். நீ குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் முதல் ஊரை முடித்துவிட்டேன்; நீ முதல் ஊரில் இருந்தபோது நான் இரண்டாவது ஊரில் இருந்தேன்; நீ இரண்டாவதற்கு வருவதற்குள் மூன்றாவதில். டீசல் போடப் போனதாகச் சொன்னேனே, ஒரு நாளைக்கு மூன்று தரம், அது இதுதான். கவுண்டரை வைத்துக்கொண்டு ஊராரைக் கூட்டி, மாமேதை மாதிரி விளக்கினேன்: "முதல் கட்டம் சொன்னா பொய்யின்னு கண்டுபுடிச்சிடுவாங்க. மூணாவது நாலாவது சொன்னா மலைக்கு மானக்கேடு. எல்லாத்துக்கும் ரெண்டாவது. எப்போதாவது. புள்ள பாஸாயிடும்." கவுண்டர் தலையாட்டினார். "அதான் சரி. ஒரே வாயா சொல்லுங்க."

நம் ஆட்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். தூக்கம் வருகிறதா? எப்போதாவது. அழுகை வருகிறதா? எப்போதாவது. 'என் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும்', எப்போதாவது! கடைசிக் கேள்வி, 'மேலே உள்ளவற்றுக்கு உண்மையாகப் பதில் சொன்னேன்.' முப்பது பேரும் உன் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், எப்போதாவது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன ஒரே உண்மை அதுதான். நீ ஒவ்வொரு வீட்டிலும் தரையில் உட்கார்ந்து, குனிந்து, எழுதிக்கொண்டிருந்தாய். நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, என்னைப்போல் ஒரு தகப்பன் அகில உலகத்திலும் உண்டா என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

மேடம் தாள்களை மேசையில் பரப்பிவைத்து என்ன கேட்டார் என்பதை உன் அறைத்தோழன் அப்படியே சொன்னான். "முப்பது தாளும் ஒரே கோடு. ஒண்ணு, நீ ரூம்ல உக்காந்து நிரப்பியிருக்கணும். இல்ல, உனக்குக் கேக்கத் தெரியல. எதுப்பா?" நீ, "எனக்குக் கேக்கத் தெரியல மேடம்" என்றாயாம். வெளியே வந்து அவனிடம், "என் மலைக்காரங்களே எங்கிட்ட மனசு தொறக்கல. வேற யாரு தொறப்பாங்க? நான் இதுக்கு லாயக்கில்லடா" என்று சொன்னாயாம். போன் வந்தபோது நான் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். வண்டியை வளைவிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், திட்டுகிறான், என் ஜீப்பில் இருப்பவர்கள் அவனைத் திட்டுகிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் செய்த தப்பை, அது என் தப்பு என்றே தெரியாமல், நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? அவனுக்கு வலிச்சாலும் நீ சொல்ற, அவன் கேட்டாலும் நீ சொல்ற. அந்தப் புள்ளைக்கு வாயின்னு ஒண்ணு கீதா இல்லியா?" என்றாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு நான் மறுபேச்சுப் பேசாத முதல் சந்தர்ப்பம் அது. அவளுக்கே பயமாகப் போய், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி உன் துறைக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. தோளில் ஒரு பலாப்பழம், பிறந்த யானைக்குட்டி அளவு. மேடம் அதை உள்ளே விடவில்லை. மாணவர் விஷயமாக வருகிறவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாதாம். காவலாளியிடம் கொடுக்கச் சொன்னார். வாசலில் அதன் வாசனைக்கு வகுப்புகள் காலியானது வேறு கதை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். தண்டனை தருவதாக இருந்தால் அந்தத் தாளை என்னை எழுதச் சொல்லுங்கள், பையனை விட்டுவிடுங்கள் என்றேன். "அதுக்கு நீங்க முதல்ல பத்தாவது பாஸ் பண்ணணும் சார்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், ஆனால் உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதை நீ ஒழுங்காகக் கேட்க வேண்டும். தாளை மறுபடி எடுத்தே ஆக வேண்டும்; அதில் மாற்றம் இல்லை. சொல்லிக்கொடுத்து வாங்கின பதிலை வைத்துக்கொண்டு யாருக்கும் பட்டம் கொடுக்க முடியாது, அது என் மகனானாலும் அவர் மகனானாலும். ஆனால் உன் கோப்பில் காரணத்தை மாற்றி எழுதுகிறேன் என்றார். பிறகு உன் தாள்களை எடுத்து, என் கண்ணில் படாதபடி தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, நிதானமாகப் புரட்டினார். "கட்டமெல்லாம் ஒண்ணுதான் சார். ஆனா ஓரத்துல பையன் குறிப்பு எழுதியிருக்கான். 'இந்தக் கேள்விக்கு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.' 'சிரித்துக்கொண்டே சொன்னார், குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார்.' முப்பதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கட்டத்தையே பாத்துட்டு நானும் இதப் பாக்காம விட்டுட்டேன்" என்றார். எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஜீப்பே இல்லாமல் பறந்து வீடு வந்து சேர்ந்தேன். வழியில் இரண்டு கழுகுகளை முந்தினேன்.

வந்தவுடன் மூன்று ஊருக்கும் போய், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொன்னேன். கவுண்டருக்கு அது ஜீரணமாகவில்லை. "அப்போ எதுடா சரியான கட்டம்? அதச் சொல்லிட்டுப் போ." அவரவருக்கு எது உண்மையோ அதுதான் என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார். "எல்லாரும் வேற வேற சொன்னா, யாருக்கு எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சிடுமேடா" என்றார். பிறகு தானாகவே, "தெரிஞ்சா இன்னா, தெரியட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதுவரை அவர் யாருக்கும் கொடுக்காத உத்தரவு அது. மகனே, நீ ஊரிடம் கேட்டதில் தப்பில்லை. ஊர் உனக்குப் பயந்து வாயை மூடவும் இல்லை. அவர்கள் உனக்காகப் பொய் சொன்னார்கள், உன்மேல் இருக்கிற பிரியத்தில். மறுபடி நீ போகும்போது ஆளுக்கொரு பதில் வரும். சிலது கேட்க நன்றாக இருக்காது. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். கேள்வித்தாளை என் முன்னால் விரித்து வைத்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன். கொஞ்சம் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன், அது மனித இயல்பு. அதற்கு உன் படிப்பில் ஒரு பெயர் இருக்கும்.

ஜூனியர்களோடு உட்கார வெட்கமாக இருக்கும் உனக்கு. இருக்கட்டும். லைசென்ஸ் வாங்க நான் எட்டுப் போட்டுக் காட்டியது ஐந்து தரம். நாலாம் தரம் ஆய்வாளரின் சைக்கிள் மேலேயே ஏற்றிவிட்டேன். கூட நின்றவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பையன்கள். இன்றைக்கு எந்தப் பயணியும் என்னிடம் "எத்தனாவது தரம் பாஸ் பண்ண?" என்று கேட்பதில்லை, வளைவில் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிடுவதோடு சரி. அரை வருடம் தாமதமாக முடிப்பாய். அந்த அரை வருடத்தில் கேட்பது எப்படி என்பதை இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்வாய். என் மேல் கோபப்பட வேண்டியது இருந்தால் அதையும் ஒழுங்காகப் படு. வழக்கம்போலச் சிரித்து மழுப்பிவிடாதே; அது என்னிடமிருந்து உனக்கு வந்த பழக்கம், நல்ல பழக்கம் இல்லை.

இன்னும் ஒன்று; இது உன் பிரதியில் மட்டும்தான், ஜீப்பில் ஒட்டுவதில் இருக்காது. அந்த முப்பது பேரில் ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். பார், உன் நெறிமுறைத் தாளில் நான் வீட்டிலிருந்தபடியே தேறிவிட்டேன். நான் தப்பை ஒப்புக்கொண்ட அன்று, எல்லோரும் கலைந்த பிறகு அவள் மட்டும் நின்றாள். "மாமா, அந்தப் புள்ள தூக்கம் வருதான்னு எம்மாம் நல்லா கேட்டுச்சி தெரியுமா? பேனாவக் கீழ வச்சிட்டுக் கேட்டுச்சி. எனக்கு வாய் வரைக்கும் வந்திடுச்சி. நீ சொன்னியேன்னு எப்போதாவதுன்னேன். அது எழுந்து போனதும் கதவ சாத்திக்கினு அழுதேன்" என்றாள். என்னம்மா விஷயம், சொல்லு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கிட்டயா? உன் ஜீப்புல ஏத்துனா திருப்பத்தூர் சந்தை வரைக்கும் போய் எறங்கிடும். அந்தப் புள்ளகிட்ட சொல்லிக்கிறேன்." மலையில் யாரும் என்னை இவ்வளவு சரியாக எடைபோட்டதில்லை.

நேற்று மத்தியானம் இரண்டு பலாப்பழத்தோடு ஜீப்பில் ஏறினாள். இறங்கிப் பழத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ள எப்ப வருது மாமா?"

அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.